ரிஜினுக்குப் பிடிபடாத வண்டி

"ரிஜினே கையை விரிச்சுட்டானாம்!"

மறையூர் ஜீப் ஸ்டாண்டில் அன்று காலை இதுதான் பேச்சு.

மிக்கேலின் பிக்கப், வெல்ல உருண்டை லோடோடு மூணாறு ஏற்றத்தில் அடிக்கடி நின்று அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. பனிக்கு லைட்டும் வைப்பரும் போட்டால் போதும், என்ஜின் செத்துவிடும். புது பேட்டரி போட்டும் அதே கதை.

ஊரில் பேர் வாங்கிய எலக்ட்ரீஷியன் ரிஜின். அவனே பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டான்.

"கம்ப்யூட்டர் கோளாறு, அண்ணாச்சி. எனக்குப் பிடிபடல. எதிர்க்கடைக்குக் கொண்டு போங்க."

எதிர்க்கடை நிமியுடையது. கோயமுத்தூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரிலேயே கடை போட்டவள். ஸ்கூட்டருக்கு பல்பு மாட்டியதைத் தவிர வேறு வேலை வரவில்லை. மாசக் கடைசியில் கடையைப் பூட்டிக்கொண்டு திரும்பிப் போவதாகக் கட்டடக்காரரிடம் சொல்லியும் விட்டாள், பாவம்.

"பொம்பளப் பிள்ள கையில வண்டியக் குடுத்தா உருப்படுமா?" என்று ஸ்டாண்டில் முதலில் ஆரம்பித்து வைத்தவரே மிக்கேல்தான். அவர் சொன்னால் அந்த ஸ்டாண்டில் மறுபேச்சு கிடையாது.

டீக்கடை குருசாமி கண்ணடித்தார்.

"தன்னால முடியாததை அவ தலையில கட்டிட்டான் பாரு. அவளும் முழிச்சா இன்னைக்கே ஷட்டர இறக்கிருவா. அப்புறம் இந்த ரோட்டுல அவன் ஒருத்தன்தான். வெவரமான பய!"

ரோட்டைத் தாண்டி நிமி காதிலும் இது விழுந்தது. கடை வாசலில் வந்து நின்ற பிக்கப்பின் பானெட்டைத் திறந்தாள்.

"முடியலேன்னா இப்பவே சொல்லிரும்மா. நாளைக்கு லோடு இருக்கு" என்றார் மிக்கேல்.

"பாக்கேன் அண்ணாச்சி."

ஸ்கேனரை மாட்டினாள். வண்டியின் கம்ப்யூட்டருக்கு வோல்ட் பத்தவில்லை என்றது திரை.

"புது பேட்டரிம்மா!"

"பேட்டரி கொழப்பம் இல்ல. இதுல இருக்கிற வோல்ட்டு கம்ப்யூட்டர் வரைக்கும் போய்ச் சேரல. வண்டிய ஸ்டார்ட் பண்ணி லைட்டு, வைப்பர் எல்லாத்தையும் போடுங்க."

போட்டார். ஸ்கேனரில் வோல்ட் மளமளவென்று இறங்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தால், பேட்டரியில் மட்டும் குறையவே இல்லை.

"வழியில எங்கயோ திங்குது. வண்டிக்கு எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?"

மிக்கேல் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

"மாதா திருநாளுக்கு! சப்பரம் நம்ம வண்டியிலல்லா வச்சோம். மாதா ஏறுற வண்டி, வெளிய மட்டும் பளபளன்னு இருந்தாப் போதுமா? பானெட்டுக்குள்ளயும் அடிக்கச் சொன்னேன்."

"பேட்டரி வயரையெல்லாம் கழட்டிட்டா?"

"பின்ன? ஒரு இடம் விடல."

நிமிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பேட்டரியின் மைனஸில் இருந்து வரும் தடித்த கறுப்பு வயர் பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. மீட்டரின் ஒரு ஊசியை மைனஸில் வைத்தாள். இன்னொன்றை வைக்க, அந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பைத் தொட வேண்டும். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

ஊசியை வைத்தாள். ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் மீட்டர் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"பெயிண்ட்டுக்கு மேலயே வயர வச்சு முறுக்கிட்டாங்க. இரும்புல இரும்பு பட்டாத்தான் கரண்டு சரியாத் திரும்பும்."

வண்டியை அணைத்து, போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முறுக்கினாள். மிக்கேல் ஸ்டார்ட் செய்தார். லைட், வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டும் என்ஜின் நிற்கவில்லை. ஏற்றத்தில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"ரிஜினுக்கே பிடிபடாததை இந்தப் பிள்ள புடிச்சுட்டாடே! இனிமே நம்ம வண்டி இங்கதான்!"

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் நிமி கடை வாசலில் ஜீப்புகள் வரிசை கட்டின.

"என்னப்பா, தொழிலை விட்டுட்டு எங்கூட டீ ஆத்த வாரியா?" என்று குருசாமி ரிஜினை ஓட்டினார். ஸ்டாண்டே சிரித்தது. ரிஜினும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

கூட்டம் குறைந்ததும் நிமி ரோட்டைக் கடந்து அவன் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அந்த போல்ட்டு பக்கத்துல ஏற்கெனவே ஒரு கீறல் இருந்துச்சு. ஊசி முனை அளவுக்கு, புத்தம் புதுசா."

"அப்படியா? ஏதாவது உரசியிருக்கும்."

"நான் ஊசிய வைக்கப்போன அதே இடத்துல. அங்க வச்சுப் பாத்தவருக்கு மீட்டரு சொல்லாமலா இருந்திருக்கும்?"

ரிஜின் டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவாப் பேசு, நிமி."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஊரே உங்களச் சிரிக்குதேண்ணே. ஒரு நிமிஷ வேலை, நீங்களே சரி பண்ணியிருக்கலாமே?"

"வண்டிய நான் சரி பண்ணியிருக்கலாம். மிக்கேல் அண்ணாச்சி வாய நீதான சரி பண்ண முடியும்?"