ரோஸ் நிற நட்டு

"மூடியைக் கழட்டுங்கம்மா. உள்ள இருக்கிறதைப் பார்க்காம களத்துக்குள்ள விட முடியாது" என்றார் தலைவர், தராசின் மேல் உட்கார்ந்திருந்த குட்டிச் சண்டை ரோபோவைக் காட்டி.

சண்டை ரோபோ போட்டி எங்கே நடந்தாலும் சோதனை மேசை அவருடையதுதான். 'தலைவர்' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

நாற்பது வயதைத் தாண்டியிருந்த அந்தப் பெண்மணி நான்கு திருகுகளையும் கழற்றி மூடியை எடுத்தாள்.

தலைவர் குனிந்து பார்த்தார்.

உள்ளே, வீட்டிலேயே செய்த ஆக்சுவேட்டர். ஒரு பழைய மோட்டார், அது சுழற்றும் மரைக்கம்பி, கம்பியின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்து ரோபோவின் கொம்பைத் தூக்கும் ஒரு நட்டு. எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த நட்டு ரோஸ் நிறத்தில் இருந்தது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "அட, நம்ம தலைவரோட நட்டு! காப்பியடிச்சாங்க சரி, கலரைக்கூட விட்டு வைக்கலையே!"

அவள் சிரிக்கவில்லை. தலைவரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அவரைத் தலைவர் ஆக்கியதே அந்த நட்டுதான். மற்றவர்கள் கடையில் வாங்கிய இரும்பு நட்டைப் போடுவார்கள். நாலு குத்து விழுந்ததும் கம்பி லேசாக வளையும், நட்டு சிக்கிக்கொள்ளும், கொம்பு பாதியில் நின்றுவிடும். அவருடையது கம்பியைச் சுற்றியே வார்த்து எடுத்த பிளாஸ்டிக். வளைவுக்கு ஈடு கொடுக்கும். அந்த வருடம் எதிரே வந்ததையெல்லாம் குப்புறக் கவிழ்த்தார். "ஏன் சார் ரோஸ்?" என்று கேட்டவர்களிடம் "ராசியான கலர்" என்று சொல்லி வைத்தார். உண்மையில் அவருக்கே காரணம் தெரியாது.

"இதை நீங்க எங்க..." என்று ஆரம்பித்தார்.

"என்னை அடையாளம் தெரியலையா? எங்க கல்யாணத்துல முதல் வரிசையில உட்கார்ந்துக்கிட்டு, மாப்பிள்ளையை 'ஒட்டடைக்குச்சி, ஒட்டடைக்குச்சி'ன்னு ஓட்டிக்கிட்டே இருந்தீங்களே!"

ஒட்டடைக்குச்சி! லிஃப்ட் கம்பெனியில் அவரோடு ஒன்றாக வேலை பார்த்தவன். இருவருக்கும் ஒரே டூல்ஸ் பெட்டி, ஒரே ரோபோ பைத்தியம்.

"தங்கச்சி... நீங்களா?" தலைவர் எழுந்தார். "ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. கதவுக்குப் பின்னால் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவன் எப்படி இருக்கான்?"

"நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அது என்னோட நட்டு இல்ல தங்கச்சி. அவன் ஏதோ புதுசா வெச்சிருக்கான்னு தெரியும். நாலு தடவை கேட்டேன். 'இது மட்டும் வேணாம்டா, விட்டுரு'ன்னான். எதையும் என்கிட்ட மறைக்காதவன் இதை மறைக்கிறானேன்னு எனக்கு ஆத்திரம். ஒரு நாள் மதியம் கை கழுவப் போனான். அவன் பையைத் திறந்து, எடுத்து, பிரிச்சு, போட்டோ புடிச்சு, இருந்த மாதிரியே வெச்சிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகல. அதைப் பார்த்துத்தான், கலரைக்கூட மாத்தாம, என்னோடதை வார்த்தேன்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவரா காட்டலையா?"

"சத்தியமா இல்ல. போட்டி அன்னிக்கு என்னோடதைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கல. தன்னோட ரோபோவைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டான். சட்டையைப் பிடிச்சு நாலு அறை விட்டிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். அப்புறம் அவன் முகத்துல முழிக்கப் பயந்து வேற ஊருக்கு வந்துட்டேன். எத்தனை கோப்பை வாங்கினா என்ன? ஒண்ணைக்கூட வீட்டுல வெளிய எடுத்து வைக்க மனசு வரல. எல்லாம் அவன் மூளை."

"அவர் மூளை இல்ல. என்னோடது."

தலைவர் நிமிர்ந்தார்.

"நான் பல் செட் செய்ற லேப்ல வேலை பார்க்கிறேன். செட்டுக்கு ஈறு வார்க்கிற பிளாஸ்டிக் அது. அதான் ரோஸ். கம்பியில வாஸ்லின் தடவி, சுத்தி வார்த்தா நட்டு தானா கிடைச்சிடும்னு கண்டுபிடிச்சது நான். எங்க ரெண்டு பேர் பேர்லயும் களத்துல இறங்கலாம், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லித்தான் கொடுத்தேன். உங்களை மனசுல வெச்சுத்தான் 'அவன்கிட்டயுமா?'ன்னு கேட்டார். 'அவர்கிட்டதான் முக்கியமா'ன்னு சொன்னேன்."

தலைவருக்குக் காது மடல் சுட்டது.

"இன்னிக்கே மைக்கைப் பிடிச்சு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன், இது உங்க நட்டுன்னு. சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன் தங்கச்சி. அவன் வெளிய போடான்னாலும் சரி, கால்ல விழுந்துட்டுத்தான் போவேன். அவன் வீட்டுல இருப்பான்ல?"

அவள் கண்கள் நிறைந்திருந்தன. "'நான் காட்டவே இல்ல, என்னை நம்பு'ன்னு அழுதார். வாயில எதுவும் தங்காத மனுஷன், நண்பனுக்காக என்னைக் காட்டிக் கொடுத்துட்டார்னு நினைச்சேன். அந்த வாரமே அவரை விட்டு வந்துட்டேன்."

மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்: "பன்னிரண்டு வருஷமா அவர் எந்த வீட்டுல இருக்கார்னுகூட எனக்குத் தெரியாதுங்க."