மருந்து கேட்காத கால்

"நீங்க படிச்ச டாக்டர்தானா, இல்ல ஊரை ஏமாத்துறீகளா?"

மலையம்மாள் போட்ட சத்தத்தில், கிளினிக் வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

கட்டிலில் அவள் புருஷன் நல்லகண்ணு காலை நீட்டிப் படுத்திருந்தார். சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது.

டாக்டர் கிருபாவதி அவர் கணுக்காலில் பிரஷர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரத்தக்குழாயோட உள்பூச்சு கெட்டுப்போயிருக்கும்மா. அதான் குழாய் விரிய மாட்டேங்குது. மாத்திரைக்கு இந்நேரம் கொஞ்சமாவது கேட்டிருக்கணும். இப்படியே போனா விரலை எடுக்க வேண்டியதுதான்."

"எடுப்பீக, எடுப்பீக! உள்பூச்சாம், வெளிப்பூச்சாம்! இங்கன என்ன வீடா கட்டுறோம்?"

"மாத்திரை ஒழுங்காப் போடுறாரா?"

"தெனமும் என் கையாலதான் எடுத்துக் குடுக்குறேன். பீடியை விடச் சொன்னீக, விட்டாக. நடக்கச் சொன்னீக, நொண்டி நொண்டி நடந்தாக. என்னத்தைக் கண்டோம்? வயிறு எரியுது டாக்டரம்மா!"

"விடு மலையம்மா, போவோம்" என்றார் நல்லகண்ணு.

"நீங்க பேசாம இருங்க! வாயில்லாப் பூச்சியா இருந்துதான் காலு இப்படிக் கெடக்கு."

மறுபடி டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"கோம்பையில எங்க தெருவுல அழகுமலையண்ணே இருக்கு. இவுகளோட ஒண்ணா வளந்த சேக்காளி. அதுக்கும் இதே கெண்டைக்கால் வலிதான், நாலு எட்டு வச்சா உக்காந்துரும். ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல, ஒத்த மாத்திரை வாங்குனதில்ல. இப்ப ஏலக்காத் தோட்டத்துல மேடு பள்ளமெல்லாம் ஏறி எறங்குது! மாத்திரையே போடாத காலு மலை ஏறுது, மாத்திரை முழுங்குன காலுல விரலை வெட்டணுமா? இது என்ன நியாயம்?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நல்லகண்ணுவைப் பார்த்தார்.

"அய்யா, அழகுமலைக்கு எப்படிச் சரியாச்சு?"

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேக்குறாகல்ல, சொல்லுங்க!" மலையம்மாள் அதட்டினாள்.

"அவன் ஒருநாள் வேலைக்குப் போகலைன்னா வீட்டுல அடுப்பெரியாது. டாக்டர்கிட்ட வாடான்னா வரமாட்டேன்னுட்டான். நமக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கு, நான் உக்காந்து சாப்பிடலாம்..."

நல்லகண்ணுவின் குரல் இறங்கியது.

"டாக்டரம்மாவைத் திட்டாத மலையம்மா. நல்ல மாத்திரைதான். நீ குடுத்ததையெல்லாம் அவன்தான் முழுங்குனான்."