கல்கரையில் ஒரு மஞ்சள் கவுன்

"ஏன் அத்தான், இந்தத் தீவுல மணலே கிடைக்கலையா உங்களுக்கு?"

ஜோனெல் செருப்பைக் கழற்றி உள்ளே புகுந்த சரளைக்கல்லை உதறினாள். கிரெனடாவில் கடற்கரைக்கா பஞ்சம்? கொஞ்ச தூரம் வண்டியில் போனால் கிராண்ட் ஆன்ஸ், சலித்துக் கொட்டிய மாவு மாதிரி மணல். அங்கே போவதாகத்தான் ஒரு வாரமாகப் பேச்சு. எந்த மரத்தடியில் பாய் விரிப்பது என்பதுவரை ஜோனெல் முடிவு செய்து வைத்திருந்தாள். இன்று காலை அக்கா புருஷன் கெஸ்டர் போனில் எதையோ பார்த்தான். வண்டியைத் திருப்பித் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் இந்தக் கல்கரையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். மீன் கழுவ வருகிறவர்களைத் தவிர இங்கே ஈ காக்கை வராது.

"அடுப்புக்குக் கல் வேணும்ல. இங்க நிறைய கிடக்கு," என்றான் கெஸ்டர்.

எல்லா ஏற்பாடும் அக்கா வெர்லினுக்காக. உல்லாசக் கப்பலில் சலவைப் பிரிவில் வேலை அவளுக்கு. அந்தக் கப்பல்தான் எதிரே நாலு மாடி வீட்டை நாலு தடவை அடுக்கியதுபோல நிற்கிறது. மாலையில் கிளம்பிவிடும். அதற்குள் தாயும் மகளும் ஒன்றாகக் கடலில் ஆடி, சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று திட்டம்.

மகள் நைஷாவுக்கு எட்டு வயது. போன தடவை கப்பல் வந்தபோது துறைமுக வாசலில் வெயிலில் காத்துக் கிடந்து, அம்மா வராமல் வீடு திரும்பி, காய்ச்சலில் விழுந்தவள். அதிலிருந்து போனில் அம்மா முகம் தெரிந்தாலே திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள். இன்றைக்கும் ஏமாந்தால் குழந்தை அம்மாவை ஒரேயடியாக வெறுத்துவிடுமே என்று ஜோனெல் பயந்தாள்.

கெஸ்டருக்கு அப்படி ஒரு கவலை இருப்பதாகவே தெரியவில்லை. நீச்சலுடையில் வந்த மகளை, போன வருஷம் அவள் அம்மா தைத்துக் கொடுத்த மஞ்சள் கவுனுக்கு மாற்றச் சொன்னான். பாறை நிழலில் விரித்த பாயை இழுத்து வெட்டவெளியில் போட்டான். ஜோனெல் குடையை விரிக்கப் போனாள்.

"குடை வேணாம், மறைக்கும்," என்றான்.

எதை மறைக்கும் என்று கேட்டதற்கு, காற்றை என்றான். வெயிலில் இவனுக்கு மூளை உருகிவிட்டது என்று ஜோனெல் முடிவு கட்டினாள்.

பானையில் சீமைப்பலா, உப்புமீன், கீரை என்று அடுக்கி, மஞ்சள் கலந்த தேங்காய்ப்பாலை ஊற்றி 'ஆயில் டவுன்' என்கிற கூட்டை அடுப்பில் ஏற்றினார்கள். இந்த ஊர்க்காரன் கண்ணைக் கட்டிவிட்டாலும் பக்குவமாகச் செய்கிற சமையல் அது. ஆனால் கெஸ்டர் காய்ந்த விறகை ஒதுக்கிவிட்டு, ஈரமான தேங்காய் மட்டையை அடுப்பில் திணித்தான். புகை மண்டிக்கொண்டு மேலே எழும்பியது.

"ஊரையே கூப்பிடுறீங்களா? கண்ணு எரியுது."

"ஒருத்தர் பாத்தா போதும்," என்றான் அவன்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஏதாவது மனஸ்தாபமோ? அவள் தேடி வந்துவிடக் கூடாது என்றுதான் இப்படி ஒரு மூலையில் கொண்டுவந்து உட்காரவைத்தானோ? இடம் மாறியது அக்காவுக்குத் தெரியுமா என்று ஜோனெல் நேராகவே கேட்டுவிட்டாள்.

"இடத்தைச் சொன்னதே அவதான்," என்றான் கெஸ்டர்.

காலில் ஒரு கல் குத்தினால் ஊரைக் கூட்டுகிற வெர்லினா இந்த இடத்தைச் சொன்னாள்? ஜோனெல் நம்பவில்லை.

நண்பகலில் போனைப் பார்த்த கெஸ்டர், திடீரென்று உற்சாகம் வந்தவனாக நைஷாவைப் பாறைக்குப் பாறை தாவச் சொன்னான். அவளும் தாவினாள். ஒரு பாறையில் கால் வழுக்கி, விழாமல் சமாளித்து நின்றாள். பிறகு அவளைக் கடலைப் பார்த்துச் சித்தி பக்கத்தில் நிற்கச் சொல்லி, எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் பார்க்கலாம் என்றான். தினமும் பார்க்கிற பிள்ளையை இன்றைக்கு என்ன அளவெடுப்பது? கொஞ்ச நேரத்தில் அந்த உற்சாகம் வந்த மாதிரியே வடிந்தது. சாப்பிடலாம் என்றான்.

அக்காவுக்கு எடுத்துவைத்த நாலாவது தட்டு மூடியே இருந்தது. பொழுது சாய்ந்தது. கப்பலின் கயிறுகளை அவிழ்த்தார்கள்.

"அம்மா இந்தத் தடவையும் வரல," என்றாள் நைஷா. அழவில்லை. அதுதான் ஜோனெலைக் குத்தியது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தான்?"

"காலையிலதான் தெரியும். கப்பல் எந்த ஊர்ல நின்னாலும், ஆபத்துக்கு உதவன்னு வேலைக்காரங்க கொஞ்சப் பேர் இறங்கக் கூடாது. இன்னிக்கு அவ முறை."

"தெரிஞ்சும் இந்தப் பிள்ளைய நாள் பூரா வெயில்ல ஆட விட்டீங்களே, மனுஷன்தானா நீங்க?"

கெஸ்டர் எழுந்து கப்பலைப் பார்த்தான். கப்பல் மெல்லத் திரும்பி அவர்களை நோக்கி வந்தது. அவன் போன் அடித்தது. அவன் அதை நைஷாவின் காதில் வைத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகம் இல்லை, குரல் மட்டும்தான் என்று கெஸ்டர் கெஞ்சினான்.

கப்பலின் கீழ்த்தட்டில், யாரோ ஒரு பெரிய வெள்ளைப் படுக்கை விரிப்பை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் முழுக்க உன்னையேதான் கண்ணு பாத்துட்டிருந்தேன்," என்றது போனில் குரல். "அந்த மூணாவது பாறையில உனக்குக் கால் வழுக்குச்சே, எனக்கு உசுரே போயிடுச்சு. மளமளன்னு வளந்துட்ட, கவுன் முட்டிக்கு மேல ஏறி நிக்குது. கீழ் மடிப்புல துணி விட்டுத்தான் தச்சிருக்கேன், சித்திகிட்ட பிரிச்சுவிடச் சொல்லு."