கழுகு முத்திரை

"இது என் அப்பா துப்பாக்கி. அவர் பேரைக் கண்டுபிடிக்கணும் அண்ணே."

ரெய்தார் போர்வையைப் பிரித்துத் துப்பாக்கியை மேஜைமேல் வைத்ததும், துப்பாக்கி பழுதுபார்க்கும் ஐலிஃப் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். இரும்பில் ஜெர்மன் கழுகு முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

ரெய்தாரின் அப்பா ஒரு ஜெர்மன் சிப்பாய் என்பது எங்கள் பள்ளத்தாக்கில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்து வைத்திருந்தபோது அவன் அம்மா தோருன் ஜெர்மன் முகாமுக்குத் துணி துவைத்தாள். சமாதானம் வந்ததும், ஜெர்மன்காரனுக்குப் பிள்ளை பெற்றவள் என்று, கைக்குழந்தையோடு நின்றவளை நடுத்தெருவில் உட்காரவைத்துத் தலைமுடியை வெட்டினார்கள்.

கத்தரிக்கோலைப் பிடித்தவர் ஸ்வெர்ரெ. போர் முழுக்கக் காட்டில் ஒளிந்திருந்து ஜெர்மானியரைத் திணறடித்த வீரர், சும்மா விடுவாரா? அந்தக் கோடையிலேயே மரமில் முதலாளியின் மகளைக் கட்டினார். ஊரே கூடி வாழ்த்தியது.

அத்தனை பெரிய வீரர், பல வருஷம் கழித்து ஊர்க்காவல் படை கொடுத்த துப்பாக்கியை ஏரியில் தொலைத்ததுதான் வேடிக்கை. பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டதாம். பனி உருகியதும் நாங்களும் படகில் போய்க் கொக்கி போட்டுத் தேடினோம். ஒற்றை பூட்ஸ்தான் கிடைத்தது.

"இது எங்கேர்ந்து கிடைச்சுது?" என்றார் ஐலிஃப்.

"அம்மா சாகறதுக்கு முந்தி பரண்லேர்ந்து எடுக்கச் சொன்னாங்க. 'உன் அப்பாவோடது'ன்னாங்க. அதுக்கு மேல பேச முடியல. இந்த நம்பரை ஜெர்மனிக்கு எழுதிப் போட்டா அவர் பேரு தெரியும்ல? நாப்பது வயசாச்சுண்ணே. அப்பா பேரு என்னன்னு யாராவது கேட்டா இன்னும் முழிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

ஐலிஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணும் புரியலியே தம்பி. கழுகு ஜெர்மன்தான். ஆனா பக்கத்துல இருக்கிற நம்பர் நம்ம நார்வே ராணுவம் அடிச்சது."

"அப்படின்னா?"

"தோத்துப்போனவங்க குவிச்சுப் போட்டுட்டுப் போன துப்பாக்கிங்களை நம்மாளுங்க எடுத்து, நம்பர் மாத்தி வெச்சுக்கிட்டாங்க. குழாயும் புதுசு. அமெரிக்கத் தோட்டாவுக்குன்னு பின்னாடி மாத்தினது. நீ அப்போ பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருப்பே."

"போரோட ஊரைவிட்டே போனவர்கிட்ட இது எப்படி வந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல."

"ஒருவேளை திரும்பி வந்திருப்பாரோ?"

"வந்தாலும் நம்ம ராணுவத் துப்பாக்கியை அவருக்கு எவன்டா குடுப்பான்?"

ரெய்தாரின் முகம் வாடிப்போனது. "அப்போ சாகும்போதுகூட அம்மா என்கிட்ட பொய்யா சொன்னாங்க?"

 பேச்சை மாற்றுவதற்காக ஐலிஃப், துப்பாக்கியில் தோளோடு பதியும் பின்கட்டையின் இரும்புத் தகட்டைக் கழற்றினார். பழுப்பு மரத்தில் ஒரு பிளவு. அதில் வெள்ளை பிர்ச் மரத்தில் ஓர் ஆப்பு. ஐலிஃப் தன் கையாலேயே எப்போதோ செதுக்கியது. ஐலிஃப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

கதவு திறந்தது. மூஸ் மான் வேட்டைக்குத் தோட்டா வாங்க ஸ்வெர்ரெ வந்தார். வேட்டைக் கூட்டத்துக்கு இன்றைக்கும் அவர்தான் தலைவர்.

"என்ன, ஜெர்மன் வாரிசு இங்க நிக்குது? என் கூட்டத்துல உனக்கு இடமில்லைன்னு எத்தனை தடவை சொல்றது? அப்பன் துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்தா மட்டும் சேர்த்துக்குவேனா?"

ஐலிஃப் நிமிர்ந்தார். "ஸ்வெர்ரெ அண்ணே, ஏரியில விழுந்துச்சே உங்க துப்பாக்கி, அதோட கட்டை பிளந்துபோய் நான்தானே பிர்ச் ஆப்பு வெச்சுக் குடுத்தேன்?"

"ஆமா, அதுக்கு இப்போ என்ன?"

ஐலிஃப் பின்கட்டையை அவர் பக்கம் திருப்பினார்.

தொப்பியைக் கழற்றப்போன ஸ்வெர்ரெயின் கை பாதியில் நின்றது.

"அது... பையனுக்குப் பதினாறு வயசு ஆச்சே, வேட்டைக்கு ஆகுமேன்னு... தோருன்கிட்ட குடுத்தேன்..."

சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

ரெய்தார் அவரையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பாக்கியை மெல்லப் போர்வையில் சுற்றினான்.

"ஜெர்மனிக்கு எழுத வேண்டாம் ஐலிஃப் அண்ணே. அம்மா பொய் சொல்லல. ஜெர்மன்காரன்னு அவங்க ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. இவர்தான் சொன்னார்."