அசைந்தால் எரியும் விளக்கு

ரயில் நின்றுபோய் சைக்கிள் பாதையாகிவிட்ட மலைச் சுரங்கத்துக்குள் எவாரிஸ்தோ நெஞ்சைப் பிடித்தபடி சரிந்து கிடக்கிறான். ஆள் அசைந்தால்தான் மேலே விளக்கு எரியும் என்பதால் மனைவி நியெவெஸ் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். சுரங்கத்தின் தூரத்து வாயில், காசளவு வெளிச்சத்தில், ஆம்புலன்ஸ் நிற்கிறது. கார் நுழையாமலிருக்க வழியில் நட்டுப் பூட்டிய இரும்புத்தூணின் சாவி பழைய ஸ்டேஷன் காபிக்கடையில் இருக்கிறது. இன்று திங்கள், கடைக்கு விடுமுறை. "வண்டியே வராத வழின்னு நீதானே கூட்டிட்டு வந்தே," என்று அழுகிறாள். "ஹாரன் சத்தம் கேக்குதா, சொல்லு," என்று சிரிக்கப் பார்த்தவன் கண்ணை மூடிவிடுகிறான். ஸ்ட்ரெச்சரோடு இருவர் ஓடி வருகிறார்கள். அவள் கையை நிறுத்துகிறாள். "நான் அசையல. நீ ஒரு விரலை ஆட்டு, போதும்." விளக்கு அணைகிறது. ஓடி வருபவர்களின் தலைக்குமேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வருகின்றன. இவர்கள் தலைக்குமேல் இருட்டாகவே இருக்கிறது.