காயாத தரை

"டப்!"

சமையலறைச் சுவர் ஒருமுறை நீலமாக மின்னி அணைந்தது. ஸ்க்ரூடிரைவர் எகிறி எங்கோ போய் விழுந்தது.

ஓடிவந்த ஹேமலதா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

சுவிட்சைப் பழுதுபார்க்க வந்த பையன் ஃப்ரிட்ஜ் ஓரமாக மல்லாந்து கிடந்தான். கண்கள் மூடியிருந்தன.

"தம்பி... ஐயோ, தம்பி!"

அசைவில்லை.

தொடலாமா? கூடாதா? நீட்டிய கை பாதியில் நின்றது. ஓடிப்போய் மெயினை அணைத்தாள். ஃபேன் ஓய்ந்தது. சத்தம் என்று எதுவுமே இல்லாமல் போனது வீடு.

அன்று காலையிலிருந்தே மிக்ஸி சுவிட்சில் பொறி பறந்துகொண்டிருந்தது. கணவர் நாலு இடத்தில் விசாரித்து, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவரை அனுப்பிவைத்தார். வந்தவர் பூட்ஸோடு நேரே சமையலறைக்குள் நுழைந்துவிட்டார்.

"மொதல்ல அதைக் கழட்டுங்க. கிரகப்பிரவேசம் முடிஞ்சு ஒரு மாசம்கூட ஆகல. பக்கத்துலயே பூஜை ரூம் இருக்கு."

"கரன்ட் வேலைம்மா. வெறுங்கால்ல செய்ய மாட்டேன்."

"அப்ப செய்யவே வேணாம். கிளம்புங்க."

அவர் போனதும் பூட்ஸ் தடத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்தது. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டித் துடைத்தாள்.

வேறு ஆள் கேட்டிருந்தாள்; தரை காய்வதற்குள் வாட்ச்மேன் இவனை அனுப்பினார். மேல் வீட்டில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தவன். சொல்லாமலே ரப்பர் செருப்பை வாசலில் கழற்றி, காலால் ஓரமாக ஒதுக்கினான்.

மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வெறும் பாதங்கள் இப்போது ஈரத்தில் விறைத்துக் கிடந்தன.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வீட்டு விலாசம் நாக்கில் வரவில்லை. இரண்டு முறை தப்பாகச் சொன்னாள்.

திடீரென்று ஓர் இருமல்.

அவன் மார்பு ஏறி இறங்கியது. இமைகள் மெல்லப் பிரிந்தன.

"எந்திரிக்காதப்பா! ஆம்புலன்ஸ் வருது. அப்படியே படுத்திரு."

தரையோடு தரையாகக் கிடந்தவனின் பார்வைக்கு முதலில் தட்டுப்பட்டவை அவளுடைய கால்கள். பார்வை அங்கேயே நின்றது.

அவளும் குனிந்து பார்த்தாள்.

முழங்கால் வலிக்கு டாக்டர் சொன்னதால் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருக்கும் தடித்த ரப்பர் செருப்பு. பூஜை அறை வாசல்வரை அதோடுதான் போவாள்.

அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். குரல் ஈனமாக வந்தது.

"வேலை பாதியில நிக்குதுக்கா... என் செருப்பையும் உள்ள கொண்டாந்து போட்டுக்கட்டுமா?"