'இல்லை' அணி

"சார், பொங்கலுக்கு எங்க குப்பத்துல கடவுளே இல்லன்னு பேசிட்டு வந்தியே, அத்த நீயே வந்து வாபஸ் வாங்கிக்கினு போ."

மயிலாப்பூர் வீட்டு வாசலில் மீன்கூடையோடு நின்ற தேசம்மா சொன்னதைக் கேட்டு, பட்டிமன்றப் பேச்சாளர் ராகவேந்திரன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

ராகவேந்திரன் சாமானியப் பேச்சாளர் அல்ல. தி.நகரில் அவர் வாயைத் திறந்தால் அடையாறில் கைதட்டல் கேட்கும். எந்த அணியில் உட்காரவைத்தாலும் ஜெயிப்பார். காலையில் மாமியார் பக்கம் பேசி, மாலையில் மருமகள் பக்கம் பேசுவார். இரண்டு கூட்டத்திலும் ஒரே மாமியாரும் ஒரே மருமகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோவார்கள். பொங்கலன்று குப்பத்தில், கடவுள் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்தில் 'இல்லை' அணிக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நடுவர் இவரை அந்தப் பக்கம் நகர்த்தினார். பேசினார், ஜெயித்தார், வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டார்.

"அது சும்மா பேச்சும்மா. எந்த அணி குடுத்தாலும் பேசறதுதான்" என்றார்.

"உனக்குச் சும்மா. எம் புருசன் நம்பிட்டாரே. ஐப்பசியில எங்க மூத்த புள்ளய அலை எட்துக்கினு போயிடுச்சு. அழுதுக்கினே கெடந்த மனுசன், நீ பேசுனதக் கேட்டதுலேர்ந்து அழறதக்கூட வுட்டுட்டாரு. ஆத்தா கோயில் பக்கம் போறதில்ல. போட்ட கடல்ல எறக்கறதுக்கு முன்னால சூடம் காட்டுனா தொட்டுக் கும்புட மாட்றாரு. சூடத்தைத் தொடாதவனோட கடலுக்கு வர மாட்டோம்னு கூட்டாளிங்க எறக்கி வுட்டுட்டாங்க. வூட்ல அடுப்பு எரிய வேணாமா சார்?"

உள்ளேயிருந்து மனைவி ஜானுவின் குரல் வந்தது. "பாவம், போய்ட்டு வாங்கோன்னா. முடிச்சு போட்ட வாயாலேயே அவுத்துட்டு வந்துடுங்கோ."

பட்டினப்பாக்கத்துக் கரையில், படகு நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார் தேசம்மாவின் கணவர் மண்ணாங்கட்டி. கூட்டாளிகள் சுற்றிக் கூடினார்கள். ராகவேந்திரன் தொண்டையைச் செருமினார்.

அப்படி ஒரு பேச்சை அவரே பேசியதில்லை. மீனுக்குச் செவுள் வைத்தது யார் என்று தொடங்கி நிலாவைப் பிடித்து, நிலாவிலிருந்து தாயின் கருவறைக்குத் தாவினார். கரைக்கு வந்த அலைகள் திரும்பிப் போக மறந்தன. காக்கைகள் கருவாட்டை விட்டுவிட்டு வரிசையாக வந்து உட்கார்ந்தன. கடவுளே கேட்டிருந்தால், தன்னைப் பற்றி இவ்வளவு தெரியாமல் இருந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டிருப்பார்.

மண்ணாங்கட்டியின் கைகள் மட்டும் வலையை விடவில்லை.

"அன்னிக்கு நீ பேசுனது?"

"அணிக்காகப் பேசினது."

"இப்போ பேசுறது?"

"நிஜம்."

"அத்த வுடு சார். மேடை இல்லாம, கைதட்ட ஆளில்லாம, நீ ஒண்டியாக் கீறப்போ இன்னா நெனப்ப? ஆத்தா கீறாளா, இல்லியா?"

ராகவேந்திரனுக்குத் திக்கென்றது. இதுவரை எந்த நடுவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் சுற்றிலும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஜெயிக்க ஒரு வார்த்தைதான் பாக்கி.

"இருக்கா" என்றார். "சத்தியமா இருக்கா. எல்லாத்தையும் பார்த்துண்டிருக்கா. அவளுக்குத் தெரியாம ஒரு அலை எழும்பாது."

மண்ணாங்கட்டி வலையைக் கீழே வைத்தார். யாரோ ஓடிப்போய்ப் படகின் முனையில் சூடம் ஏற்றினார்கள். அவர் எழுந்துபோய்ச் சுடரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"நாளைக்குத் தொழிலுக்கு வந்துரு மாமா" என்றான் ஒரு கூட்டாளி.

"உன் வாய்க்குச் சக்கர போடணும் சார்" என்று தேசம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். ராகவேந்திரனுக்கு உச்சி குளிர்ந்தது. ஒரே வாயால் கடவுளை அழித்து, அதே வாயால் ஆக்கியும் காட்டியவர் மூவுலகிலும் தன்னைத் தவிர யார் என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

ஆட்டோ வரை மண்ணாங்கட்டியும் கூடவே வந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"இப்போ மனசு லேசாச்சா?" என்று கேட்டார் ராகவேந்திரன்.

"போன ஆடியில ஆத்தாளுக்குக் கூழு ஊத்துறேன்னு நேந்துக்கினு, ஊத்தாம வுட்டுட்டேன் சார். ஐப்பசியில புள்ள போயிட்டான்" என்றார் மண்ணாங்கட்டி. "ஆத்தாளே இல்லன்னு நீ சொன்ன நாள்லேர்ந்து இன்னி வரிக்கும்தான், எம் புள்ளய நான் கொல்லலன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."